பதினஞ்சாம் நம்பர்

அந்தா நம்ம பஸ்ஸை முந்திக்கிட்டுப் போகுதே வெள்ளை வேனு, அது எங்க காலேஜு வேனுதான். உள்ள இருக்கவளுக அத்தனை பேரும் எனக்குத் தெரிஞ்சவளுக. ஒருத்தியாவது இந்தப் பக்கம் திரும்பினாளா பாத்தியளா? திரும்ப மாட்டாளுக. காலையில அதே வேன்லதான் நானும் வந்தேன், டிரைவருக்குப் பின்னாடி சீட்டு. இப்ப உங்க பக்கத்துல நசுங்கிக்கிட்டுப் போறேன். கொஞ்சம் தள்ளி இருங்க தாயி, இந்தப் பையை மடியில வச்சுக்கிடுதேன்.

என்ன கோவம்னு கேக்கியளா? உண்மையைச் சொன்னேன், அதான் கோவம். நீங்க யாரு எவருன்னு எனக்குத் தெரியாது, அதனால நீங்களே நியாயம் சொல்லுங்க. ஜங்ஷன் போக இன்னும் முக்கா மணி நேரம் இருக்குல்லா.

என் பேரு சங்கரவடிவு. பாளையங்கோட்டையில ஒரு பொம்பளப் பிள்ளைக காலேஜுல லைப்ரரி அட்டெண்டரு. இருபத்திரண்டு வருஷ சர்வீஸு. எங்க காலேஜு பி.டி. மிஸ்ஸு பேரு பெர்சிஸ். விசில் ஊதி கிரவுண்டுல பிள்ளைகளை விரட்டுவாள்லா, அந்த மிஸ்ஸு. முப்பத்தி நாலு வயசு, ஏழு வருஷமா டெம்பரரி. அவ சம்பளத்துலதான் அம்மாவும் தங்கச்சியும் சாப்பிடுதாங்க. டாக்டர் பட்டம் வாங்காத டெம்பரரி ஆளுகளை எல்லாம் இந்த ஜூனோட அனுப்பிருவோம்னு மேனேஜ்மெண்டுல சொல்லிட்டாங்க. பட்டம் வந்தா வேலை, வரலைன்னா வீடு. நல்லா ஞாபகம் வச்சுக்கிடுங்க, பிள்ளைக்கு இதுல சோறே இருக்கு.

அந்தப் பட்டத்துக்கு அவ ஆராய்ச்சிக்கு எடுத்துக்கிட்ட சரக்கு நாங்கதான். நாப்பதைத் தாண்டின பொம்பளைக பன்னெண்டு வாரம் உடற்பயிற்சி செஞ்சா உடம்புல என்ன மாறும்? அதைக் கண்டுபிடிக்கணும். ஆபீஸு, லேபு, ஹாஸ்டலு, லைப்ரரின்னு டீச்சர்மாரு அல்லாத முப்பது பேரைச் சேத்தா. ஒரு சனிக்கிழமை எல்லாரையும் அளந்தா. எடை, இடுப்பு, நாடி. காலை நீட்டி உக்காந்து கையால பெருவிரலைத் தொடச் சொன்னா. பெருவிரலைக் கண்ணால பாத்தே பத்து வருஷம் ஆச்சு மிஸ்ஸுன்னேன். சிரிக்காம எழுதிக்கிட்டா. அப்படி ஒரு கறாரு.

அளந்து முடிச்சதும் சீட்டுக் குலுக்கிப் போட்டா. பதினஞ்சு பேரு பயிற்சி செய்யற குரூப்பு. மிச்சம் பதினஞ்சு பேரு கன்ட்ரோல் குரூப்பு. அப்படின்னா என்னன்னு கேட்டதுக்குச் சொன்னா, இவங்க ஒண்ணும் செய்யக் கூடாதாம். எப்பவும் போல இருக்கணுமாம். பன்னெண்டு வாரம் கழிச்சு ரெண்டு கூட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்து, செஞ்சவங்க மாறியிருக்காங்க, செய்யாதவங்க மாறலைன்னு காட்டினாத்தான், மாத்தினது பயிற்சிதான்னு நிரூபிக்க முடியுமாம். எனக்கு எது விழுந்திருக்கும்னு நினைக்கிய? ஒண்ணும் செய்யாத கூட்டம். அதுலயும் பதினஞ்சாம் நம்பரு, கடைசி.

கெமிஸ்ட்ரி லேபுல ஆவுடையம்மான்னு ஒருத்தி உண்டு. அவளுக்குப் பயிற்சி விழுந்துச்சு. மறுநாளே மஞ்ச டீ-ஷர்ட்டு குடுத்தாங்க, முதுகுல நம்பரு போட்டு. சேலைக்கு மேல அதை மாட்டிக்கிட்டு லைப்ரரி வாசல்ல மூணு தரம் நடந்தா. சாயந்தரம் கிரவுண்டுல அரை மணி நேரம் நடை, ரப்பர் பட்டையை இழுக்கிறது, முடிஞ்சதும் ஆளுக்கு ஒரு கிண்ணம் சுண்டல். எங்களுக்கு ஒரு அட்டை. வெள்ளிக்கிழமை தோறும் அதுல "இந்த வாரம் புதுசா எந்தப் பயிற்சியும் செய்யவில்லை"ன்னு கையெழுத்துப் போடணும். சுண்டலும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ஆவுடை சொல்லுதா, "மைனி, உங்களுக்கு லேசான வேலை, சும்மா இருந்தாப் போதும்." சும்மா இருந்தாப் போதுமாம். வயிறு எரியுமா எரியாதா?

நான் நேரா மிஸ்ஸுகிட்ட போயி, என்னை அந்தக் கூட்டத்துக்கு மாத்தி விடுன்னேன். "வடிவுக்கா, சீட்டுல விழுந்ததை மாத்தக் கூடாது. நீங்க ஒண்ணும் செய்யாம இருக்கிறதுதான் எனக்குப் பெரிய உதவி. நீங்க இல்லைன்னா இந்த ஆராய்ச்சியே இல்லை"ன்னா. நல்ல பிள்ளை, நல்ல மனசு. ஆனா ஒண்ணும் செய்யாதேன்னு ஒரு மனுஷிகிட்ட சொல்லலாமா? சொன்னா அவளுக்குக் கை கால் சும்மா இருக்குமா?

எங்க லைப்ரரி மூணு மாடி. அறுபத்தாறு படி. லிஃப்டு இருக்கு, பத்து வருஷமா நான் அதுலதான் புஸ்தகத்தோட போவேன். அந்த வாரம் லிஃப்டுப் பக்கமே போகலை. பயிற்சின்னு நினைச்சுச் செஞ்சேனா? இல்லவே இல்லை. புஸ்தகத்தை மேல கொண்டு வைக்கணும்லா, அது என் டியூட்டி. வச்ச புஸ்தகம் ஒழுங்கா நிக்குதான்னு பாக்க இன்னொரு தரம் ஏறினேன். மூணாம் மாடியில ஃபேனை அமத்தினேனான்னு சந்தேகம் வந்துச்சு, அதுக்கு ஒரு தரம். இப்படியே காலையில பத்து, சாயந்தரம் பத்துன்னு ஆயிப்போச்சு. சோத்தையும் பாதியாக் கொறைச்சேன். அது சிக்கனம். வெள்ளிக்கிழமை வந்தா அட்டையில கையெழுத்தைப் போட்டுருவேன். புதுசா நான் என்னத்தைச் செஞ்சேன், படி பழைய படிதான?

யாருகிட்டயும் மூச்சு விடலை. டைப்பிஸ்டு ஜெபமணிகிட்ட மட்டும் சொன்னேன், அவ வாயே தொறக்க மாட்டா. பெறகு ஹாஸ்டல்ல சமைக்கற இசக்கியம்மாகிட்ட சொன்னேன், அவ எனக்குச் சொந்தம். அட்டை வாங்கி வைக்கற செண்பகம் என்னைப் படியிலயே பாத்துட்டா, பாத்தவகிட்ட மறைக்க முடியுமா? மறைச்சாத் தப்பா நினைப்பாள்லா. ஆவுடை கூட்டத்துக்கு நம்ம எந்த வகையில கொறைச்சல்னு மட்டும் ஒரு வார்த்தை கேட்டேன். அவ்வளவுதான் நான் பேசினது.

அவளுக பண்ணினதைக் கேளுங்க. ஜெபமணி மகளோட ஸ்கிப்பிங் கயித்தை எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டா. இசக்கியம்மா கிரைண்டரை மூடி வச்சுட்டு, நூறு பிள்ளைகளுக்கு ஆட்டுரல்ல மாவாட்டுதா. செண்பகம் ஒரு துணியைக் காயப் போட ஒரு தரம் மாடி ஏறுவா, அடுத்த துணிக்கு இன்னொரு தரம். டி.வி.யைப் பாத்து யோகாசனம் போடப்போயி ஒருத்தி கழுத்தைச் சுளுக்கிக்கிட்டா, தூங்கும்போது பிடிச்சிக்கிட்டுன்னு பொய் சொன்னா. இப்படிப் பதினாலு பேரும். ஒருத்திக்கொருத்தி ரகசியம் வேற. வெள்ளிக்கிழமை வந்தா எல்லாரும் முகத்தைப் பச்சப் பிள்ளை மாதிரி வச்சுக்கிட்டுக் கையெழுத்துப் போடுவாளுக. எங்க இருந்துதான் இவளுகளுக்கு இந்தப் புத்தி வந்துச்சோ தெரியலை.

இன்னொரு பக்கம் ஆவுடை கூட்டம். அரை மணி நேரம் நடந்தாச்சா, அன்னைக்கு உடம்பை அசைக்க மாட்டாளுக. ஆவுடை வீட்டுக்காரரு தண்ணிக் குடம் தூக்குதாரு. ஏன்னு கேட்டா, "எங்க வீட்டுல ஆராய்ச்சியில இருக்கா"ங்காரு. காலேஜுக்கு நடந்து வந்தவளுக எல்லாம் ஷேர் ஆட்டோ. சுண்டலுக்கு மேல வீட்டுல போயி வடை. உழைச்ச உடம்புக்குத் தெம்பு வேணும்லா.

பன்னெண்டு வாரம் முடிஞ்சுது. மறுபடி அளந்தா. முதல்ல ஆவுடை கூட்டம். பாதிப்பேருக்கு இடுப்பு அரை இஞ்சு கொறைஞ்சிருக்கு, மீதிப்பேருக்கு அப்படியே இருக்கு, ஆவுடைக்குக் கூடியிருக்கு. பிள்ளை முகம் சுருங்கிப்போச்சு. அடுத்தாப்புல நாங்க. ஜெபமணிக்கு ரெண்டு இஞ்சு கொறைஞ்சிருக்கு. இசக்கிக்கு ரெண்டரை. எனக்கு மூணேமுக்கா. காலை நீட்டி உக்காந்தேன், பெருவிரலையும் தாண்டிக் கை போகுது. மிஸ்ஸு டேப்பை உத்துப் பாக்கா. இழுத்துப் பாக்கா. போயிப் புது டேப்பு வாங்கிட்டு வந்து எல்லாரையும் மறுபடி அளந்தா. அப்பவும் அதே மூணேமுக்கா. எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருக்கு. ஒரு சபாஷ் சொல்லுவான்னு நிக்கேன். அவ எழுதறதை நிறுத்திட்டுத் தரையைப் பாத்துக்கிட்டே நின்னா.

அவளுக்குன்னு ஒரு கைடு உண்டு, ஆராய்ச்சியைப் பாத்துக்கிடற சாரு. அவரு என்ன சொன்னாருன்னா, "ஒண்ணும் கஷ்டமில்லைம்மா, ரெண்டு குரூப்புப் பேரையும் இடம் மாத்திப் போட்டுரு. செஞ்சவங்களை இந்தப் பக்கம், செய்யாதவங்களை அந்தப் பக்கம். யாரு கேக்கப் போறா." எவ்வளவு லேசான வேலை பாருங்க. தலைப்பைத்தான மாத்தச் சொன்னாரு? இந்தக் கோட்டிக்காரி மாட்டேன்னுட்டா. அளந்தது அளந்ததுதான் சார்னு எந்திரிச்சு வந்துட்டா. ஜூனுக்கு அப்ப இன்னும் ஒரு வருஷம் இருந்துச்சு, அதான் திமிரு.

ஒருநாள் மத்தியானம் லைப்ரரிக்கு வந்து, மூலை மேசையில தலையைக் கவுத்துப் போட்டுக்கிட்டு இருந்தா. அழுதாளோ தூங்கினாளோ. "எங்க தப்புன்னே தெரியலைக்கா, ஒண்ணும் செய்யாதவங்க உடம்பு எப்படி மாறும்"னா. எனக்குத் தாங்கலை. பெத்த பிள்ளை மாதிரி அது. உடனே எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஜெபமணி கயிறு, இசக்கி ஆட்டுரலு, செண்பகம் துணி, கழுத்துச் சுளுக்கினவ வரைக்கும் ஒண்ணு விடலை. பதினாலு பேரு. பிள்ளை பேனாவை எடுத்து எழுதிக்கிட்டே வந்தா. கடைசியில நிமிந்து, "நீங்கக்கா?"ன்னா.

நானா? பதினாலு பேரைக் காட்டிக் குடுத்தவளே நான்தான, நான் எப்படி அந்தப் பட்டியல்ல சேர முடியும்? "நான் ஒண்ணும் செய்யலை தாயி, என் உடம்பு வாகு அப்படி"ன்னேன். என்னைக் கொஞ்ச நேரம் பாத்தா. அவ முன்னால நின்னுக்கிட்டு இருந்தேனா, எனக்கு மூச்சு கூட வாங்கலை, அப்பத்தான் மூணு மாடி ஏறி இறங்கி வந்திருந்தேன். "சரிக்கா"ன்னு அதையும் எழுதிக்கிட்டா.

பெறகு ஒவ்வொருத்தியாத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டா. பதினாலு பேரும் ஒத்துக்கிட்டாளுக. யாரு சொன்னான்னு மட்டும் மிஸ்ஸு சொல்லலை, அந்த மட்டுக்கும் கெட்டிக்காரி. அதுக்குப் பிறகு கால் தேஞ்சு அலைஞ்சு ஆறு மாசம் தவணை வாங்கினா, அதுதான் கடைசித் தவணை. வேற ஊரு காலேஜுல புதுசா முப்பது பேரைப் பிடிச்சு, தெனம் ரெண்டு பஸ் மாறிப் போயி மறுபடி பன்னெண்டு வாரம் செஞ்சா. இந்தத் தடவை ஒண்ணும் செய்யாதவங்ககிட்ட, "இவங்க முடிச்சதும் அடுத்த பன்னெண்டு வாரம் உங்களுக்குத்தான், அதுவரைக்கும் பொறுங்க"ன்னு சொல்லிட்டாளாம். அவளுக பொறுத்துக்கிட்டாளுக. கணக்கா வரவேண்டியது வந்துச்சு. எங்க கதையையும் விடலை, தனியா ஒரு அத்தியாயம் எழுதி உள்ள வச்சுட்டா. வைக்காதேன்னு கைடு தலையில அடிச்சுக்கிட்டாரு.

இன்னைக்குத்தான் யுனிவர்சிட்டியில வைவா. வைவான்னா, வெளியூருல இருந்து ஒரு எக்ஸாமினர் வந்து எல்லார் முன்னாலயும் கேள்வி கேப்பாங்க, இவ பதில் சொல்லணும். யாரு வேணும்னாலும் போயி உக்காரலாம், உக்காந்தவங்களும் கேள்வி கேக்கலாம். முடிஞ்சதும் காப்பி, மிக்சர், ஸ்வீட்டு. நாங்க முப்பது பேரும் காலேஜு வேன்ல வந்தோம். யாரும் கேள்வி கேக்கலைன்னா ஹால் வெறிச்சோடித் தெரியும்னு, கைடு சாருகிட்ட படிக்கற பையன் ஒருத்தன் முன்கூட்டியே கேள்வியைச் சீட்டுல எழுதி நாலு பேருகிட்ட குடுத்தான். எனக்கும் ஒண்ணு வந்துச்சு. "இந்த ஆய்வின் எதிர்காலப் பயன்பாடு யாது?" மனப்பாடம் பண்ணிட்டேன்.

வந்த எக்ஸாமினர் ஒரு அம்மா. ஒல்லியா, கண்ணாடி போட்டு, சத்தமே போடாம பேசுதா. புது முப்பது பேரைப் பத்திக் கேட்டா, பிள்ளை டக்கு டக்குன்னு சொன்னா. அடுத்தாப்புல எங்க அத்தியாயத்தைத் திருப்பினா. "பதினாலு பேர் பயிற்சி செஞ்சதா ஒத்துக்கிட்டாங்க, சரி. இந்தப் பதினஞ்சாம் நம்பர் ஒண்ணும் செய்யலைன்னு போட்டிருக்கீங்க. ஆனா இவங்களுக்குத்தான் மூணேமுக்கா இஞ்சு கொறைஞ்சிருக்கு. எப்படி?"ன்னா.

"அவங்க அப்படித்தான் சொன்னாங்க மேடம். சொன்னதை எழுதினேன்"னா பெர்சிஸ்.

"ஒண்ணு அவங்க பொய் சொல்லணும், இல்லைன்னா நீங்க அளந்தது தப்பா இருக்கணும். அளந்தது தப்புன்னா, அதே கைதான அந்த ஊருலயும் அளந்துச்சு? மத்த நம்பரை எல்லாம் நான் எதை வச்சு நம்ப?"

நான் மூணாவது வரிசையில உக்காந்திருக்கேன், பிள்ளைக்குத் தெரியும். ஒருதரம் கூடத் திரும்பி என்னைப் பாக்கலை. கைடு சாரு குனிஞ்சு ஷூவைப் பாக்காரு. அந்தம்மா பேனாவை மூடி வச்சுட்டு, "பாப்போம். சபையில யாருக்காவது கேள்வி இருக்கா?"ன்னு கேட்டா. சீட்டு வாங்கின ரெண்டு பேரு கேட்டாங்க. எந்திரிச்சேன். சத்தியமா அந்தக் கேள்வியைக் கேக்கத்தான் எந்திரிச்சேன். "நீங்க யாரும்மா?"ன்னு கேட்டா. என் பேரைச் சொல்லியிருக்கலாம், வேலையைச் சொல்லியிருக்கலாம். "பதினஞ்சாம் நம்பரு"ன்னு சொல்லிட்டேன்.

அந்தம்மா கண்ணாடியைக் கழத்திட்டுப் பாத்தா. "அந்தப் பன்னெண்டு வாரம் என்ன செஞ்சீங்க?"

"படி ஏறினேன் மேடம்."

"எத்தனை?"

"அறுபத்தாறு. காலையில பத்து தரம், சாயந்தரம் பத்து தரம்."

"தெனமுமா?"

"ஞாயித்துக்கிழமை லைப்ரரி லீவு"ன்னேன்.

"செய்யலைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

"போட்டேன். பன்னெண்டு தரம் போட்டேன். மிஸ்ஸு நேருல கேட்டப்பவும் பொய்தான் சொன்னேன். இந்தா உக்காந்திருக்காளுகளே, இவளுக பதினாலு பேரையும் நான்தான் காட்டிக் குடுத்தேன், என்னை மட்டும் மறைச்சுட்டேன்"னேன். அந்த நிமிஷம் பின்னாடி பதினாலு சேரும் நகந்துச்சு. ஜெபமணி "அடிப்பாவி"ன்னா, கொஞ்சம் சத்தமாவே. வேன்ல ஏன் என்னை ஏத்தலைன்னு இப்ப உங்களுக்குப் புரியும்.

"ஏன் செஞ்சீங்க?"ன்னு கேட்டா அந்தம்மா. அதட்டலை. நெசமாவே தெரிஞ்சுக்கிடக் கேக்கா. எனக்கு அதுதான் தாங்கலை. அதட்டியிருந்தா நானும் எதுத்துப் பேசியிருப்பேன்.

"மேடம், இருபத்திரண்டு வருஷமா அந்தக் காலேஜுல எல்லாரும் என்கிட்ட அதை எடு, இதை வை, தள்ளி நில்லுன்னுதான் சொல்லியிருக்காங்க. இந்தப் பிள்ளைதான் என்னை உக்கார வச்சு, என் கையைப் பிடிச்சு, வாச்சைப் பாத்து, ஒரு நிமிஷம் முழுசா நாடியை எண்ணினா. ஒரு நிமிஷம் எவ்வளவு நேரம்னு உங்களுக்குத் தெரியும். அவ்வளவு நேரம் யாரும் என் கையைப் பிடிச்சது கிடையாது, எங்க வீட்டுக்காரரும் சேத்துத்தான் சொல்லுதேன். பன்னெண்டு வாரம் கழிச்சு மறுபடி வந்து பிடிப்பா. அன்னைக்கு என் பேருக்கு நேரா நல்லதா ஒரு நம்பரு எழுதணும்னு ஆசைப்பட்டேன். அவளுக்கு அது கெடுதல்னு எனக்குத் தோணலை. தோணின பெறகு சொல்ல வெக்கமாப் போச்சு"ன்னேன்.

அந்தம்மா பேனாவைத் தொறந்து என்னமோ எழுதினா. பெர்சிஸ் பக்கம் திரும்பி, "உங்க டேப்பு சரியாத்தான் இருந்திருக்கு. அந்தப் பக்கத்துல பதினாலைப் பதினஞ்சுன்னு திருத்திக் குடுங்க. பட்டத்துக்கு நான் சிபாரிசு பண்ணுதேன்"னா. எல்லாரும் கை தட்டினாங்க. என்னைப் பாத்து உக்காருங்கன்னா.

நான் உக்காரலை. "நீங்க கேட்டதுக்கெல்லாம் சொல்லிட்டேன் மேடம். நானும் ஒண்ணு கேக்கணும்"னேன். சீட்டுல இருந்ததைக் கேக்கலை. "எங்க காலேஜு முப்பது பேருல முதல்ல வந்தது யாரு?"

ஹாலே சிரிச்சுது. கைடு சாரு நெத்தியில கையை வச்சுக்கிட்டாரு. "இது பந்தயம் இல்லைம்மா"ன்னு அந்தம்மா சொல்லிக்கிட்டு இருக்கா. பெர்சிஸ் மட்டும் சிரிக்கலை. கையில அத்தாம் பெரிய புஸ்தகம் இருக்கு, அதைப் பிரிச்சுக் கூடப் பாக்கலை, அத்தனை பேரு நம்பரும் அவளுக்கு மனப்பாடம். இன்னைக்கு முழுக்க அப்பத்தான் என்னை நேராப் பாத்தா.

"நீங்கதான் வடிவுக்கா"ன்னு சொன்னா. சொல்லிட்டு முகத்தை மூடிக்கிட்டு அழுதா. பட்டம் அவளுக்குக் கெடச்சாச்சு, முதலிடம் எனக்குக் கெடச்சாச்சு. இதுல அழ என்ன இருக்கு, நீங்க சொல்லுங்க.